கல்லறைத் திருநாளுக்கு முன் ஒரு நோட்டு

நவம்பர் 2 அன்று மரித்தவர்களின் பெயர்ப் பட்டியலை மட்டும் வாசிக்கும் சபைகள், இந்த வருஷம் கூடுதலாக ஒன்று செய்து பாருங்கள். ஒரு நீள நோட்டு வாங்கி, ஒருவருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

பெயரும் தேதியும் ஆலயத்தின் அடக்கப் பதிவேட்டில் இருக்கும். அதில் இல்லாததுதான் முக்கியம். மரித்துப்போன ஒரு பாட்டி எந்தப் பெஞ்சில் உட்காருவார், எந்தக் கீர்த்தனைக்கு முதலில் குரல் எடுப்பார், அசனத்துக்கு (சபையார் சேர்ந்து சாப்பிடும் விருந்துக்கு) காய் நறுக்க யார் யாரைக் கூட்டி வருவார்? இதெல்லாம் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளைவிட, அவர் வயதுத் தோழிகளுக்கே நன்றாகத் தெரியும். முதலில் அவர்களிடம் போங்கள். அடுத்த வருஷம் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

போகும்போது பழைய சபை குரூப் போட்டோ ஒன்றைக் கொண்டு போங்கள். படத்தைப் பார்த்தால் பேச்சு தானாக வரும். பெயர்களை ஒரிஜினல் படத்தில் எழுத வேண்டாம்; ஜெராக்ஸ் எடுத்து, முகத்துக்கு முகம் எண் போட்டு, நோட்டில் பெயர் எழுதுங்கள். செல்போனில் குரலையும் பதிவு செய்யலாம், அவர்களிடம் கேட்டுவிட்டு.

அப்புறம் கல்லறை. சொந்தக்காரர் யாரும் இல்லாதவர்களின் கல்லறைகளைத் தனியாகக் குறித்து, வாலிபர் சங்கத்திடம் ஒப்படையுங்கள். அவற்றுக்கும் மாலையும் மெழுகுவர்த்தியும் கட்டாயம் வேண்டும். சுண்ணாம்பு அடிப்பதைச் செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள். அக்டோபர் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பூச்சு காயாது.