ரெசிடென்சி இல்லாமல் அமெரிக்க டாக்டர் லைசென்ஸ்: புதுச் சட்டத்தைப் படிப்பது எப்படி

"ரெசிடென்சி (அமெரிக்க ஆஸ்பத்திரியில் செய்யும் முதுநிலைப் பயிற்சி) வேண்டாம், நேரடியாக லைசென்ஸ்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி இப்போது பார்க்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தப் புது வழியை நாமே அடைத்துக்கொள்வது பெரும்பாலும் அப்படித்தான்.

செய்தி பொய் இல்லை. அமெரிக்காவில் டாக்டர் லைசென்ஸ் கொடுப்பது அந்தந்த மாநிலத்தின் மெடிக்கல் போர்டு, மத்திய அரசு இல்லை. இத்தனை காலமும் கோரிமேடு ஜிப்மரில் எம்.டி. முடித்திருந்தாலும், சிதம்பரத்தில் எம்.எஸ். முடித்துக் கடலூரில் பத்து வருடம் ஆபரேஷன் செய்திருந்தாலும், அங்கே போனால் மறுபடியும் முதலிலிருந்து ரெசிடென்சிதான். கிராமப்புறங்களில் டாக்டர் கிடைக்காத மாநிலங்கள் இப்போது இதைத் தளர்த்துகின்றன. 2023-இல் டென்னசி சட்டம் போட்டது: வெளிநாட்டில் பயிற்சி முடித்தவருக்குத் தற்காலிக லைசென்ஸ், அதில் இரண்டு வருடம் ஒழுங்காக வேலை பார்த்தால் முழு லைசென்ஸ். அப்புறம் 2024-இல் வர்ஜீனியா, ஃப்ளோரிடா, மாசசூசெட்ஸ், 2025-இல் டெக்சஸ் என்று வரிசையாக வந்தன. ஆனால் ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை.

யாருக்கு இது என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜன் மட்டும் முடித்தவர் என்றால் இது உங்களுக்கான கதவு இல்லை, நீங்கள் வழக்கம்போல மேட்ச் (ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் முறை) வழியாகத்தான் போக வேண்டும். இங்கே பி.ஜி. முடித்து, மெடிக்கல் கவுன்சில் பதிவு சுத்தமாக இருந்து, தொடர்ந்து பிராக்டீஸில் இருப்பவரை மனத்தில் வைத்துத்தான் இந்தச் சட்டங்கள் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கின்றன.

சரி, சட்டத்தை எப்படிப் படிப்பது? செய்தித்தாள் தலைப்பையோ யூடியூப் வீடியோவையோ விட்டுவிட்டு மசோதா எண்ணைப் பிடியுங்கள். ஃப்ளோரிடா என்றால் 2024-இன் எஸ்.பி. (செனட் மசோதா) 7016, டெக்சஸ் என்றால் 2025-இன் எச்.பி. (கீழவை மசோதா) 2038. அந்த மாநிலச் சட்டமன்றத்தின் இணையதளத்தில் எண்ணைப் போட்டால் ஒரே மசோதாவுக்கு நாலைந்து வடிவங்கள் வரும். அறிமுகம் செய்த வடிவத்தைப் படித்துவிட்டு அதை நம்பி இருப்பவர்கள் நிறையப் பேர். ஆளுநர் கையெழுத்துப் போட்ட கடைசி வடிவம்தான் சட்டம். கையெழுத்தான தேதி வேறு, அமலுக்கு வரும் தேதி வேறு: டெக்சஸ் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. தகுதி இருந்தால் போர்டு லைசென்ஸ் கொடுத்தே ஆக வேண்டுமா, இல்லை கொடுக்கலாம் என்று அதன் விருப்பத்துக்கு விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். விட்டிருந்தால் போர்டு தனியாகப் போடும் விதிகளையும் விண்ணப்பப் படிவத்தையும் படிக்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஃப்ளோரிடாவையே எடுத்துக்கொள்வோம். ரெசிடென்சியைத் தள்ளுபடி செய்கிறது, ஆனால் என்னென்ன கேட்கிறது பாருங்கள்: வெளிநாட்டில் நடப்பிலுள்ள, எந்த நடவடிக்கையும் இல்லாத லைசென்ஸ், அமெரிக்க ரெசிடென்சிக்கு ஈடான முதுநிலைப் பயிற்சி, இ.சி.எஃப்.எம்.ஜி. (வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளின் தகுதியைச் சரிபார்க்கும் அமெரிக்க அமைப்பு) சான்றிதழ், அந்த மாநிலத்தில் முழுநேர வேலைக்கான ஆஃபர். இதோடு, விண்ணப்பிப்பதற்கு முந்தைய நான்கு வருடங்களும் டாக்டராகப் பணியில் இருந்திருக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டுச் சென்னையில் ரூம் எடுத்து இரண்டு வருடம் யு.எஸ்.எம்.எல்.இ. (அமெரிக்க டாக்டர் லைசென்ஸுக்கான தேர்வு) படித்தால் இந்த நான்கு வருடக் கணக்கு அறுந்துபோகும். டியூட்டியோடு படிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனாலும் அப்படித்தான் செய்ய வேண்டும். லைசென்ஸ் வந்த பிறகும் குறைந்தது இரண்டு வருடம் இடைவெளி இல்லாமல் அந்த வேலையிலோ, அதே மாநிலத்தில் இன்னொரு மருத்துவ நிறுவனத்திலோ இருந்தாக வேண்டும்.

ஆகவே பேப்பர்களை இன்றே சேர்க்கத் தொடங்குங்கள். ஒவ்வொரு வேலைக்கும் நியமன ஆணை, விடுவிப்பு ஆணை, தேதி போட்ட அனுபவச் சான்று, மூன்றும் வேண்டும். பாண்ட் சர்வீஸ் செய்த காலத்துக்கும் வாங்கி வையுங்கள், ஒரிஜினல் சான்றிதழ்கள் கல்லூரியில் இருந்தால் எப்போது திரும்ப வரும் என்று கேட்டு அதற்கேற்பத் திட்டமிடுங்கள். கவுன்சிலில் குட் ஸ்டாண்டிங் சான்று (உங்கள் மேல் எந்த நடவடிக்கையும் இல்லை என்ற சான்று) கேட்கும்போது, அது போர்டுக்கு நேரடியாகப் போக வேண்டுமா, உங்கள் கையில் வந்தால் போதுமா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இனிஷியல். பட்டத்தில் "கவிதா எஸ்." என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் கட்டத்தில் இருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய ஆவணத்தில் கணவர் பெயர் ஒட்டியிருக்கும். அங்கே உட்கார்ந்து சரிபார்ப்பவருக்கு இது மூன்று ஆள். முதல் தேர்வுக்குப் பதிவு செய்யும்முன் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரே பெயரை முடிவு செய்து, மாறுபடும் சான்றிதழ்களுக்கு விளக்கம் தயாராக வைத்திருங்கள்.

தேர்வில் சலுகை கிடையாது. யு.எஸ்.எம்.எல்.இ.-யின் முதல் கட்டமான ஸ்டெப் 1 தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் வருவதால் அலட்சியம் வேண்டாம், ஒரு ஸ்டெப்புக்கு அதிகபட்சம் நான்கு முயற்சிதான். ஸ்டெப் 3 அமெரிக்காவில் மட்டுமே எழுத முடியும்.

விசாவைப் பற்றி இந்த மாநிலச் சட்டங்களால் ஒன்றும் செய்ய முடியாது, அது மத்திய அரசின் கையில் இருக்கிறது. டாக்டர்களுக்கான ஜே-1 விசா பயிற்சிக்குத்தான், வேலைக்கு இல்லை. எச்-1பி என்ற வேலை விசா வாங்கி நோயாளிகளைப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்டெப் 3 முடித்திருக்க வேண்டும், போதாக்குறைக்கு 2025 செப்டம்பர் 21 முதல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் புது எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பும் வந்தது. ஒரு சின்ன கிராமத்து ஆஸ்பத்திரி அதைக் கட்டுமா என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால்தான் இது யாருக்கு உண்மையிலேயே உதவும் என்று கேட்டால், ஏற்கனவே அங்கே இருந்து வேலை செய்ய அனுமதியும் உள்ளவர்களைத்தான் சொல்வேன். கணவரின் ஐ.டி. வேலைக்காகப் போய், கையில் எம்.டி. இருந்தும் வீட்டிலேயே இருக்கிற பெண்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர்! எச்-4 இ.ஏ.டி. (எச்-1பி-யில் இருப்பவரின் துணைக்கு வேலை அனுமதி), எல்-2 (கம்பெனி மாற்றலில் போனவரின் துணைக்கான விசா), கிரீன் கார்டு எது இருந்தாலும் விசா என்ற பெரிய மலை உங்கள் முன்னால் இல்லை. ஆனால் பிராக்டீஸ் விட்டு எத்தனை வருடம் ஆகிறது என்பதை ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கும், ஒரு மாநிலம் ஒத்துவரவில்லை என்று சோர்ந்துவிடாமல் அடுத்ததைப் படியுங்கள். தங்கச்சிகளே, அந்தப் படிப்பை வீணாக விடாதீர்கள்.

ஆஸ்பத்திரியிடம் பேசும்போது போர்டு சர்டிஃபிகேஷன் (லைசென்ஸ் இல்லை, அந்தந்தச் சிறப்புத் துறையின் தனிச் சான்று) இல்லாமல் எடுப்பார்களா, இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளுமா என்று நேரடியாகக் கேளுங்கள். லைசென்ஸ் வந்துவிட்டதால் இவை தானாக வராது. "நாங்கள் லைசென்ஸ் வாங்கித் தருகிறோம்" என்று லட்சக்கணக்கில் கேட்பவரிடம் எந்த மாநிலம், எந்த மசோதா எண், எந்தப் பிரிவு என்று கேளுங்கள், பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் சந்தேகத்தை, எந்த வருடம் எந்த ஊரில் பணி என்ற விவரத்தோடு, அந்த மாநில மெடிக்கல் போர்டுக்கு நீங்களே மின்னஞ்சலில் எழுதலாம். வரும் பதிலை அச்செடுத்து ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.