பங்க்கில் மிச்சம் பிடித்து ரோட்டில் விடுகிறோம்

2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியதிலிருந்து எங்கள் தெருவில் ஆளுக்கொரு சிக்கன சூத்திரம். விடியற்காலைக் குளிரில் பெட்ரோல் சுருங்கியிருக்கும், அப்போது போட்டால் அளவு கூடுமாம். 200க்குப் பதில் 210 ரூபாய்க்குப் போட்டால் ஏமாற்ற முடியாதாம். நானும் கொஞ்ச நாள் அந்த 210 கோஷ்டியில்தான் இருந்தேன்.

பங்க்கில் பெட்ரோல் தரைக்கடியில் தொட்டியில் கிடக்கிறது. காலையோ மதியமோ, அங்கே சூடு பெரிதாக மாறாது. மீட்டரே தப்பென்றால் எந்தத் தொகைக்குப் போட்டாலும் குறையத்தான் செய்யும். சந்தேகமிருந்தால் ஐந்து லிட்டர் அளவு கேனில் அளந்து காட்டச் சொல்லுங்கள். முத்திரை போட்ட கேன் எல்லா பங்க்கிலும் இருந்தாக வேண்டும். கேட்க நமக்கு உரிமை உண்டு.

புதுச்சேரியில் விலை குறைவு என்று எல்லை தாண்டுவதும் அப்படித்தான். அந்தப் பக்கம் வேலை இருந்தால் சரி. லிட்டருக்கு ஐந்து ரூபாய் மிச்சம் என்றே வையுங்கள், நாலு லிட்டருக்கு 20 ரூபாய். அதற்காகப் போக வர 40 கிலோமீட்டர் ஓட்டினால், 50 மைலேஜ் தரும் வண்டிக்குக்கூட 80 ரூபாய் பெட்ரோல் காலி!

உண்மையில் காசு போவது வண்டியில். போன வருடம் என் ஸ்கூட்டர் மைலேஜ் திடீரென்று இறங்கியது. பங்க்காரரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். மெக்கானிக் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டார். அரைச் சுற்றில் நின்றுவிட்டது. பிரேக் ஒட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது. அதாவது, மாதக்கணக்கில் பிரேக் பிடித்தபடியே ஆக்ஸிலேட்டரை முறுக்கியிருக்கிறேன். முன்டயரில் காற்றும் பாதிதான். கண்ணுக்கு டயர் நன்றாகத்தான் தெரியும், அழுத்தத்தை அளந்தால்தான் குட்டு வெளிப்படும். மாதம் இரண்டு முறை, டயர் சூடாகும் முன், காற்றுப் பார்ப்பது போதும்.

இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது இன்னொரு பழக்கம். கார்புரேட்டர் காலத்துப் புத்தி அது. இப்போதைய இன்ஜெக்ஷன் வண்டிகள் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டால் பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடுவதற்காகக் குடிக்கும். ஏற்காட்டு இறக்கத்தில், கியரில் இருந்தால் வண்டியை இழுத்துப் பிடிக்கும் இன்ஜின் பிரேக்கும் இல்லாமல் போகும், அது வேறு ஆபத்து.

வேகத்துக்கு பி.சி.ஆர்.ஏ. (எரிபொருள் சிக்கனத்துக்கான மத்திய அரசு அமைப்பு) வருடக்கணக்காகச் சொல்லிவருவது மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர். எண்பதில் விரட்டுகிறவர் காற்றைக் கிழிக்கவே பெட்ரோல் செலவழிக்கிறார். நீண்ட சிக்னலில் இன்ஜினை அணைக்கலாம். ரிசர்வ் வரை காயவிடாதீர்கள். டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான், பம்ப் போனால் மிச்சம் பிடித்த காசெல்லாம் அதற்கே.

அப்புறம் E20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்குவது நிஜம். ஆனால் பாதியாகக் குறைந்திருந்தால் குற்றம் எத்தனால்மேல் இல்லை, வண்டியைப் பாருங்கள்.

அதற்கு முதலில் மைலேஜை ஒழுங்காக அளக்க வேண்டும். "ஐந்நூறுக்குப் போட்டேன், நாலு நாள் வந்தது" என்பது கணக்கில்லை. நாசில் தானாக நிற்கும்வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறை அதே பங்க்கில் அதே போல நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுத்துப் பாருங்கள். நான் அந்த எண்ணை வண்டிப் பெட்டிக்குள் ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.