டிரைவால் சீலிங்கின் ஓட்டையை அடைத்துப் பழைய டெக்ஸ்ச்சரோடு சேர்க்கும் முறை

அமெரிக்க, கனடிய வீடுகளில் மாடிக் குளியலறைக் குழாய் கசிந்தால், கீழறை சீலிங்கில் முதலில் பழுப்புக் கறை படரும். பிறகு டிரைவால் பலகை (காகிதம் போர்த்திய ஜிப்சம் பலகை) ஊறித் தொய்யும். கசிவை நிறுத்தி, மேலுள்ள மரச்சட்டங்கள் நன்றாக உலர்ந்த பிறகே ஒட்டுவேலையைத் தொடங்க வேண்டும். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் பூஞ்சை பிடிக்கும்.

வீடு 1980களுக்கு முற்பட்டதானால், எதையும் சுரண்டுவதற்கு முன் மாதிரியை ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுங்கள். அலங்காரப் பூச்சுகளில் ஆஸ்பெஸ்டாஸ் (நுரையீரலைக் கெடுக்கும் கனிம நார்) தெளிப்பதை அமெரிக்கா 1978இல் தடைசெய்தது என்றாலும், அதற்கு முந்தைய, சோளப்பொரி போல மேடுமேடான பாப்கார்ன் பூச்சிலும், பலகை இணைப்புகளை நிரப்பும் பழைய காம்பவுண்டிலும் அது இருக்கக்கூடும். இருப்பது தெரிந்தால் உரிமம் பெற்றவர்களிடம் விட்டுவிடுவதே சரி.

ஓட்டையின் கோணல் வடிவத்துக்கேற்பத் துண்டு வெட்ட முயல்வது வீண் வேலை. உள்ளே கம்பியோ குழாயோ இல்லை என்று பார்த்துக்கொண்டு, கெட்ட பகுதி முழுவதையும் செவ்வகமாக அறுத்து எடுங்கள். சட்டங்கள் பெரும்பாலும் 16 அல்லது 24 அங்குல இடைவெளியில் இருக்கும். வெட்டு ஒரு சட்டத்தின் அடிப்பக்க நடுக்கோட்டில் முடிந்தால் புதுத் துண்டை அங்கேயே திருகலாம், இல்லையென்றால் விளிம்புகளுக்குப் பின்னால் மரப்பட்டைகளைத் திருகிப் பிடிமானம் கொடுக்க வேண்டும். பழைய பலகை அரை அங்குலமா, 5/8 அங்குலமா என்று அளந்து, அதே தடிமனில் வாங்குங்கள். ஸ்க்ரூவின் தலை காகிதத்தைக் கிழிக்காமல் சற்றே உள்ளே அமிழ வேண்டும்.

இணைப்புகளின் மேல் டேப் ஒட்டுவதற்கு முன், சுற்றிலும் ஓர் அடி அகலத்துக்குப் பழைய டெக்ஸ்ச்சரை, அதாவது சீலிங்கின் சொரசொரப்பான பூச்சை, சுரண்டிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் டேப் மேடுகளின் மேல் உட்கார்ந்து, கடைசிவரை தடிப்பாகத் தெரியும். முதல் பூச்சுக்குத் தண்ணீரில் கலந்ததும் வேதிவினையால் இறுகும் தூள் காம்பவுண்ட் நல்லது, ஏனெனில் அது அதிகம் சுருங்காது. அடுத்த இரண்டு பூச்சுகளுக்கு வாளியில் வரும் தயார் காம்பவுண்ட் போதும். ஒவ்வொன்றையும் முந்தையதைவிட அகலமாக இழுத்து, நன்றாக உலரவிட்டு, முகமூடி அணிந்து தேய்க்க வேண்டும். டெக்ஸ்ச்சர் எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்று பலர் இங்கே அவசரப்படுகிறார்கள். அது சிறு கீறலை மறைக்கும், மேட்டை மறைக்காது. டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

கறையின் மேல் கறைதடுக்கும் பிரைமரும், மற்ற இடத்தில் சாதாரண பிரைமரும் அடித்த பிறகே டெக்ஸ்ச்சர். ஸ்பிரே டப்பாவை முதலில் ஓர் அட்டையில் அடித்து, புள்ளியின் அளவு பழைய சீலிங்கோடு ஒத்துப்போகும்வரை தூரத்தையும் முனையையும் மாற்றிப் பாருங்கள். சீலிங்கில் மெல்லிய தூவலாகத் தொடங்கி, ஓரத்தில் அடர்த்தியைக் குறைத்துப் பழைய பரப்பின் மேலும் கொஞ்சம் படரவிட வேண்டும். புள்ளிகளின் தலை தட்டையாக இருக்கும் நாக்டவுன் வகையானால், ஈரப் பளபளப்பு மங்கியதும் அகலமான கத்தியால் புள்ளிகளின் தலையை மட்டும் லேசாகத் தட்டையாக்குங்கள். பிடிக்கவில்லையென்றால் ஈரமாக இருக்கும்போதே வழித்துவிட்டு மறுபடி அடிக்கலாம்; அடியில் பிரைமர் இருப்பதால் சுத்தமாக வந்துவிடும்.

உலர்ந்ததும் புது டெக்ஸ்ச்சருக்கும் பிரைமர் அடித்து, பளபளப்பில்லாத சீலிங் பெயின்ட்டைச் சுவரிலிருந்து சுவர்வரை பூசுங்கள். ஒட்டுப்போட்ட இடத்துக்கு மட்டும் அடித்தால் பழைய வெள்ளை மங்கியிருப்பது அப்பட்டமாகத் தெரியும். இதுவரை பெயின்ட் காணாத பாப்கார்ன் சீலிங்கில் ரோலரை முன்னும் பின்னும் உருட்டினால் பூச்சு ஊறி உரிந்து கையோடு வரும். அதற்கு ஸ்பிரேயால் அடிப்பதே பாதுகாப்பானது.