நேர்காணலுக்கும் வேலைவாய்ப்பு முகாமுக்கும் மாணவர்கள் உடுத்த வேண்டிய முறை

இறுதியாண்டு மாணவர்கள் பலர் நேர்காணல் என்றதும் புதிய உடை வாங்கக் கிளம்புகிறார்கள். அதற்கு முன், இருக்கும் சட்டை உடலுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது நல்லது. தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். மேல் பொத்தானைப் போட்ட பிறகும் காலருக்குள் இரண்டு விரல்கள் நுழைய வேண்டும். முழுக்கை மணிக்கட்டில் முடிய வேண்டும். பேன்ட்டின் நீளத்தையும் இடுப்பளவையும் தையல்காரர் சிறு செலவில் சரிசெய்துவிடுவார். தோள் தவறிய சட்டையைத் திருத்துவது கடினம் என்பதால், ரெடிமேட் சட்டையைத் தோளைப் பார்த்தே எடுக்க வேண்டும். பருத்தித் துணி முதல் சலவையில் சற்றுச் சுருங்கக்கூடும். ஆகவே புதுச் சட்டையை ஒருமுறை துவைத்து, இஸ்திரி போட்டு, உடுத்திப் பார்த்துவிடுங்கள்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்குச் செல்வோர் வெயிலையும் வரிசையையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரே நாளில் பல நிறுவனங்களின் மேசைகளுக்கு முன் நிற்க நேரும் அங்கே, வியர்வை ஊறிய சட்டை அணிந்திருப்பவரின் நிம்மதியையே கெடுத்துவிடும். சாம்பல், நடுத்தர நீலம் ஆகிய நிறங்களில் ஈரம் பளிச்சென்று தெரியும். வெள்ளையில் அவ்வளவாகத் தெரியாது, உள்ளே பனியன் அணிந்தால் இன்னும் நல்லது. வெகுதூரம் பேருந்தில் வருபவர்களுக்குப் பாலியஸ்டர் கலந்த பருத்தி குறைவாகவே கசங்கும். புது ஷூவை அன்றைக்கென்று எடுத்து வைக்காமல், சில நாள்கள் முன்னதாகவே வீட்டில் போட்டு நடந்து பழக்கிக்கொள்ள வேண்டும். கால் கடித்த வலியோடு கவனமாகப் பதில் சொல்வது எளிதல்ல. சாக்ஸ் பேன்ட்டின் நிறத்தை ஒட்டியும், உட்காரும்போது கால் தெரியாத உயரத்திலும் இருக்கட்டும்.

பெண்களுக்குச் சுடிதாரும் சேலையும் சமமாகவே ஏற்றவை. பேன்ட், சட்டை அணிய விரும்பினாலும் தவறில்லை. துப்பட்டாவைத் தோளில் பின் குத்திக்கொண்டால் கோப்பைப் பிடிக்கக் கைகள் இரண்டும் கிடைக்கும். சேலை கட்டிப் பழக்கமில்லாதவர்கள் அன்று முதன்முறையாகக் கட்டிப் பார்க்க வேண்டாம். பொட்டு, திருநீறு, பூ, ஹிஜாப் போன்றவற்றை வேலைக்காக யாரும் விட்டுவிட வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

கோட்டும் டையும் நிறுவனம் கேட்டால் ஒழியத் தேவையில்லை. அளவு பொருந்தாத கோட்டை இரவல் வாங்குவதைவிட நன்றாக இஸ்திரி போட்ட சட்டையே மேல். ஆனால் ஓட்டல் துறையில் முகச்சவரம், நகம், தலைமுடி எல்லாவற்றையும் கூர்ந்து பார்ப்பார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பகுதித் தொழிற்சாலைகளுக்கு நேரில் அழைக்கப்பட்டவர்கள், இயந்திரங்கள் இருக்கும் இடத்தைச் சுற்றிக் காட்டவும் வாய்ப்பு உண்டு என்பதால், விரல்களை மூடிய ஷூ அணிந்து, தொங்கும் துப்பட்டாவைத் தவிர்த்துச் செல்ல வேண்டும்.

இணையவழி நேர்காணலுக்கு நெருக்கமான கோடு போட்ட சட்டை வேண்டாம். கேமராவில் அந்தக் கோடுகள் அலையலையாக நெளியும். வெள்ளைச் சுவருக்கு முன் வெளிர் நீலச் சட்டை தெளிவாகத் தெரியும். இடையில் எழுந்து செல்ல நேரிடலாம், ஆகவே பேன்ட்டும் முறையானதாகவே இருக்கட்டும்.