மொரிஸ் மைனருக்கு ஐந்தாவது கியர்

அப்பாவின் மொரிஸ் மைனர் 1000-இல் நான்கு கியர்தான், அதிலும் முதல் கியருக்கு சிங்க்ரோ (பற்களின் வேகத்தைச் சமன்செய்து உரசாமல் சேர்க்கும் வளையம்) கிடையாது, காலி வீதி நெரிசலில் ஊர்ந்துகொண்டே முதலாவதைப் போட்டால் கர்ர் என்று பல் உரசும். கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் டொயோட்டா கே50 ஐந்து கியர் பொக்ஸ் ஒன்று கிடைத்தது. மொரிஸ் எஞ்சினோடு அதை இணைக்க லேத்தில் அடப்டர் தட்டு வெட்டி, டொயோட்டா சாஃப்டின் பல்லுக்குப் பொருந்துகிற கிளட்ச் தட்டும் தேடிப் பூட்டியாயிற்று. சரி, ஓடியது, ஆனால் கியரில் கிளட்சை மிதித்தால் ஒரு முனகல். மிதிக்கும்போது கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பெயாரிங்கைத் திட்டி மாற்றியது வீண் செலவு. பொக்ஸைத் திரும்ப இறக்கினால், அதன் சாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் புஷ் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மினுங்கியது. டயல் கேஜ் என்ற நுண் அளவுமானி வைத்து அடப்டர் தட்டை மையப்படுத்தி, அது நகராமல் டவல் பின் என்ற ஆணி அடித்து, புது வெண்கலப் புஷ் போட்டதும் சத்தம் நின்றது. பொக்ஸ் மாறியதால் ஸ்பீடோமீட்டர் மட்டும் இன்னும் பொய் சொல்கிறது.