மலைக்குளிருக்கு ஏற்ற வாசனை மெழுகுக் கட்டிகள்

வாசனை மெழுகுக் கட்டிக்குத் திரி கிடையாது. பீங்கான் பேர்னரின் மேல் தட்டில் வைத்து, கீழே சிறு மெழுகுதிரியை ஏற்றினால் போதும்; மெழுகு இளகி மணத்தை விடும். மழையும் பனிமூட்டமும் விலகாத நாட்களில் ஈர வாடை தங்கிவிடும் நம் மலைநாட்டு அறைகளுக்கு மிகவும் பொருத்தமான பொருள் இது.

இதை வீட்டிலேயே செய்யலாம். வெப்பமான ஊர்களுக்கென எழுதப்பட்ட அளவுகளை மட்டும் அப்படியே பின்பற்றாதீர்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகை செல்சியஸில் உருகும். கொழும்பில் அது திரவமாகவே இருக்கும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காலையில் போத்தலுக்குள்ளேயே உறைந்து நிற்கும். எனவே இங்கே அதைத் தாராளமாகக் கலக்கலாம். குளிரில் மெழுகில் வெடிப்பு விழாமல் காப்பதும் அந்த எண்ணெய்தான்.

தொடக்கத்துக்கு 100 கிராம் போதும்: கடைகளில் கிடைக்கும் வெள்ளை மெழுகுதிரி 70 கிராம், தேன்மெழுகு 20 கிராம், தேங்காய் எண்ணெய் 10 கிராம். சமையலறைத் தராசில் நிறுத்தே எடுங்கள். கரண்டிக் கணக்கு வேண்டாம். மெழுகுதிரியை உடைத்துத் திரியை உருவிவிடுங்கள்.

மெழுகை நேரடி நெருப்பில் ஒருபோதும் உருக்காதீர்கள். சட்டியில் தண்ணீர் வைத்து, அடியில் ஒரு துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் கழுவி நன்கு உலர்த்திய டின்பால் டின்னை வையுங்கள். நுவரெலியாவில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். தேன்மெழுகு உருக 64 பாகை வரை போதும் என்பதால் கவலையில்லை. முதலில் தேன்மெழுகு, பிறகு மெழுகுதிரித் துண்டுகள், கடைசியாகத் தேங்காய் எண்ணெய். மெழுகு தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது. அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள்.

அடுத்த படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். நான் எப்போதும் செய்வது இதைத்தான்: உருகிய கலவையில் ஒரு துளியைக் குளிர்ந்த தட்டில் விட்டு, நன்றாக உறைந்ததும் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால் இன்னும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் சேருங்கள். வெண்ணெய் போல வழிந்தால் தேன்மெழுகு சேருங்கள். நகத்தின் பிறை அச்சு தெளிவாகப் பதிந்து, விளிம்பு உடையாமல் நின்றால் பதம் சரி.

இனி வாசனை. அடுப்பை அணைத்து டின்னை வெளியே எடுத்து, கலவை 70 பாகையளவுக்கு ஆறட்டும். வெப்பமானி இல்லையென்றால் சற்றுப் பொறுத்து, ஓரத்தில் ஆடை கட்டுவதற்கு முன் சேர்த்துவிடுங்கள். 100 கிராமுக்கு 6 கிராம் எண்ணெய் போதும். யூக்கலிப்டஸ் எண்ணெய் 4 கிராம், கறுவா இலை எண்ணெய் 2 கிராம் என்பது எனக்கு மிகப் பிடித்த சேர்க்கை. யூக்கலிப்டஸ் எளிதில் தீப்பற்றும். அருகில் நெருப்பு இருக்கக்கூடாது. கறுவா எண்ணெய் தோலை எரிக்கும், கையுறை அணியுங்கள். இரண்டு நிமிடம் மெதுவாகக் கிளறுங்கள்.

கேக்குக்கு ஊற்றும் வனிலா எசன்ஸ், பன்னீர் ஆகியவை நீர் கலந்தவை; மெழுகோடு சேராமல் அடியில் முத்துமுத்தாகத் தங்கிவிடும். தேயிலைத் தூளும் அப்படியே அடியில் படியுமே தவிர மணக்காது.

சிலிகன் அச்சு சில்லென்று இருந்தால் ஊற்றிய மெழுகு வரிவரியாக உறையும். அச்சை முதலில் அடுப்படிச் சூட்டில் வைத்திருங்கள். கொஞ்சம் மெழுகை மீதி வைத்துக்கொண்டு ஊற்றுங்கள். ஊற்றியபின் அட்டைப்பெட்டியால் மூடினால் மெதுவாக, சீராக ஆறும். நடுவில் குழி விழுந்தால், அந்த மீதி மெழுகை உருக்கி நிரப்புங்கள். உறைந்த கட்டிகளை மூடிய டப்பாவில் இரண்டு நாட்கள் வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கைக்குழந்தையோ பூனையோ இருக்கும் அறையில் ஏற்ற வேண்டாம். மணம் போன மெழுகைச் சூடாக இருக்கும்போதே பஞ்சில் ஒற்றியெடுத்துக் குப்பையில் போடுங்கள். தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.