அமெரிக்காவில் இரண்டாண்டு ஏ.ஏ. பட்டம்: சேர்வது எப்படி, எதைப் பார்த்துச் சேர்வது

"பி.ஏ. தெரியும், எம்.ஏ. தெரியும். அதென்னம்மா வெறும் ஏ.ஏ.?" என்று தொலைபேசியில் கேட்டார் அப்பா. மகளைப் பள்ளியில் சேர்த்த கையோடு, 36 வயதில் நானும் இங்கே ஒரு கம்யூனிட்டி கல்லூரியில் சேர்ந்திருந்தேன். அன்றைக்கு அவருக்குச் சரியாக விளக்கத் தெரியவில்லை. இப்போது தெரியும். அக்கா மகன் சேர்ந்தபோதும் நான்தான் கூட அலைந்தேன். ஆகவே இரண்டு முறை பட்ட அனுபவம் இது.

ஏ.ஏ. என்பது அசோசியேட் ஆஃப் ஆர்ட்ஸ். நான்காண்டு இளங்கலைப் பட்டத்தின் முதல் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ட்ஸ் என்றதும் தூரிகையும் வண்ணமும் நினைவுக்கு வரும்; இங்கே அந்தப் பொருள் இல்லை. ஆங்கிலம், வரலாறு, உளவியல், பொருளாதாரம், கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் அறிவியல் எல்லாம் கலந்த பொதுப்படிப்பு. இதைத் தருபவை பெரும்பாலும் கம்யூனிட்டி கல்லூரிகள் எனப்படும் ஈராண்டுக் கல்லூரிகள். இல்லினாயில் 1901இல் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் கல்லூரிதான் அவற்றுள் மிகப் பழைய அரசுக் கல்லூரி.

இந்தக் கல்லூரிகளில் நுழைவது எளிது. வெளியே போகும்போதுதான் சிக்கல். அதனால் நான் சொல்லும் வரிசை தலைகீழாகத் தோன்றும்: விண்ணப்பப் படிவம் ஐந்தாவது படியில்தான் வரும்.

படி 1: எங்கே போகப்போகிறீர்கள்?

ஏ.ஏ. முடித்து, மூன்றாம் ஆண்டில் எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்தப் பாடத்தில் சேரப்போகிறீர்கள்? உறுதியான பதில் தேவையில்லை. இரண்டு மூன்று பெயர்கள் போதும். அந்தப் பெயர்கள்தான் நீங்கள் எடுக்க வேண்டிய வகுப்புகளைத் தீர்மானிக்கும்.

மாநிலத்துக்கு மாநிலம் ஏற்பாடு வேறு. கலிபோர்னியாவில் 2010இல் வந்த சட்டத்தின்படி 'டிரான்ஸ்ஃபருக்கான (அதாவது பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான) அசோசியேட் பட்டம்' என்று தனியே உண்டு. அதை முடித்தால் கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழக அமைப்பில் இடம் உறுதி. ஆனால் நீங்கள் விரும்பும் வளாகத்தில் என்று உறுதி கிடையாது. அங்கே எந்தக் கல்லூரியின் எந்த வகுப்பு எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடு என்று பார்க்க 'அசிஸ்ட்' என்ற இணையதளம் இருக்கிறது. ஃபுளோரிடாவில் ஏ.ஏ. முடித்தவருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஒன்றில் இடம் உறுதி. எதில் என்பதும் எந்தத் துறை என்பதும் உறுதியில்லை. டெக்ஸாஸில் 42 கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) கொண்ட பொதுப்பாடத் தொகுப்பை முழுவதும் முடித்தால், மாநிலத்தின் எந்த அரசுப் பல்கலைக்கழகமும் அதை அப்படியே ஏற்க வேண்டும். நியூஜெர்சியிலும் மாநில அளவிலான ஒப்பந்தம் உண்டு.

இங்கேதான் நான் சறுக்கினேன். முதல் பருவத்தில் 'மனித உறவுகள்' என்றொரு வகுப்பு எடுத்தேன். காரணம் வேறொன்றுமில்லை, மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர அந்த நேரம் தோதாக இருந்தது. "இது டிரான்ஸ்ஃபர் ஆகுமா?" என்று கேட்டேன், "ஆகும்" என்றார்கள். பொய்யில்லை. மூன்று கிரெடிட்டும் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன, ஆனால் 'விருப்பப் பாடம்' என்ற பெட்டியில். அந்தப் பெட்டி ஏற்கெனவே நிரம்பியிருந்தது. பணமும் நான்கு மாதமும் போயின.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "டிரான்ஸ்ஃபர் ஆகுமா?" என்பதல்ல. "என் பட்டத்தின் எந்தத் தேவைக்குக் கணக்காகும்?" என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

இன்னொன்று. ஏ.ஏ., ஏ.எஸ்., ஏ.ஏ.எஸ். என்று மூன்று பட்டங்கள் கண்ணில் படும். ஏ.எஸ். அறிவியல், கணிதம் பக்கம் சாய்ந்தது. ஏ.ஏ.எஸ். நேரே வேலைக்குப் போகிறவர்களுக்கானது; அதன் கிரெடிட்டுகளில் பலவற்றை நான்காண்டுக் கல்லூரிகள் ஏற்பதில்லை. ஓர் எழுத்துதானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள்.

படி 2: தகுதி

இந்தப் படி சுருக்கமானது. உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ், அல்லது அதற்கு ஈடான ஜி.இ.டி. போன்ற தேர்வு. நம் பிளஸ் டூ தேர்ச்சி போதும். எஸ்.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண் கேட்பதில்லை, கட்-ஆஃப் இல்லை, நேர்காணல் இல்லை. கலிபோர்னியா போன்ற இடங்களில் 18 வயது நிரம்பி, பாடத்தால் பயன்பெறக்கூடியவர் என்றால் பள்ளிச் சான்றிதழ் இல்லாமலும் சேரலாம். ஆனால் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் செவிலியர் படிப்பிலும் இடம் கிடைத்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. அதற்குத் தனி விண்ணப்பம், தனிப் போட்டி.

படி 3: விசாவும் கட்டணமும்

ஒரே வகுப்பில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் உங்களைவிடப் பல மடங்கு குறைவாகக் கட்டியிருக்கக்கூடும். மாநிலவாசி, வெளிமாநிலத்தவர், வெளிநாட்டு மாணவர் என்று கட்டணம் பிரிந்திருக்கிறது. சில மாநிலங்களில் மாவட்டத்துக்கு உள்ளே, வெளியே என்றும் பிரிப்பார்கள். கலிபோர்னியாவில் மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு (கிரெடிட்டை அங்கே இப்படிச் சொல்வார்கள்) 46 டாலர். பட்டத்துக்கு வேண்டிய 60 யூனிட்டுக்கும் 2,760 டாலர்தான். மாநிலவாசியாகக் கருதப்பட, பருவம் தொடங்குமுன் ஓர் ஆண்டும் ஒரு நாளும் அங்கே வசித்திருக்க வேண்டும். ஜனவரியில் குடிபெயர்ந்துவிட்டு ஆகஸ்டில் சேர்ந்தால் முழுக் கட்டணம் கேட்பார்கள்.

எச்1பி வேலை விசாக்காரரின் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் தரும் எச்4 விசாவில் இருப்பவர்கள் விசாவை மாற்றாமலே படிக்கலாம். அந்த விசாவில் இருந்தாலும் மாநிலவாசியாகக் கருதும் மாநிலங்கள் உண்டு, கலிபோர்னியா அவற்றில் ஒன்று. ஆனால் மத்திய அரசின் கல்வி உதவி எச்4இல் கிடைக்காது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் குடிமக்களும் அந்த உதவிக்கான எஃப்.ஏ.எஃப்.எஸ்.ஏ. படிவம் நிரப்பலாம், 2025-26 கல்வியாண்டில் அதன்வழி கிடைக்கும் பெல் மானியத்தின் உச்சவரம்பு 7,395 டாலர். இது கடனல்ல, திருப்பித் தர வேண்டியதில்லை.

எச்4 பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒரு சொல். 21 வயதோடு அந்த விசா முடிந்துவிடும். 18இல் ஏ.ஏ. தொடங்கும் பிள்ளைக்கு, டிரான்ஸ்ஃபர் ஆகி மூன்றாம் ஆண்டில் இருக்கும்போதுதான் அந்தப் பிறந்தநாள் வரும். அதற்கு முன்பே மாணவர் விசாவான எஃப்1க்கு மாற வேண்டியிருக்கும். கட்டண வகையும் மாறலாம். முதல் ஆண்டிலேயே ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

இந்தியாவிலிருந்து எஃப்1இல் வருவதானால், வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அரசு அனுமதி பெற்ற கல்லூரிதானா என்று முதலில் பாருங்கள். முதலாண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதற்கான வங்கிச் சான்று, டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் கொடுத்தால் கல்லூரி ஐ-20 என்ற சேர்க்கைப் படிவத்தை அனுப்பும். பிறகு வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான 350 டாலர் செவிஸ் கட்டணம், டி.எஸ்.-160 என்ற விசா விண்ணப்பப் படிவம், தூதரக நேர்காணல். சேர்ந்தபின் பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுத்தாக வேண்டும். அதில் முழுக்க ஆன்லைனில் நடக்கும் வகுப்பு ஒன்றுதான், 3 கிரெடிட்வரை, கணக்கில் சேரும்.

படி 4: காகிதங்கள்

நம்மவர்களுக்கு இங்கே வரும் முதல் தலைவலி இனிஷியல். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் அதே எழுத்து அப்பாவின் முழுப் பெயராக விரிந்து 'சர்நேம்' இடத்தில் இருக்கும். சிலருக்கு அந்த இடம் காலியாகவே இருக்கும். அப்படியானால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகிவிட, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சாகும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்று பொருள். அக்கா மகனை முதல் வாரம் முழுக்க ஒரு பேராசிரியர் "ஃப்னூ" என்றுதான் வருகைப்பதிவில் கூப்பிட்டார். பையன் அது வேறு யாரோ என்று நினைத்துப் பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். மதிப்பெண் பட்டியலில் பெயர் வேறு மாதிரி இருந்தால் இரண்டும் ஒருவரே என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் கைவசம் இருப்பது நல்லது.

இந்தியாவில் கல்லூரியில் ஓராண்டு ஈராண்டு படித்துவிட்டு வந்தவர்கள், அந்தப் பாடங்களுக்கும் கிரெடிட் கேட்கலாம். அதற்கு வெஸ் போன்ற நிறுவனத்தின் மதிப்பீட்டறிக்கை வேண்டும். அறிக்கையில் இரண்டு வகை: பட்டத்தை மட்டும் மதிப்பிடுவது ஒன்று, பாடவாரியாக மதிப்பிடுவது இன்னொன்று. கிரெடிட்டுக்குப் பாடவாரி அறிக்கைதான் உதவும். விலை குறைவு என்று முதல் வகையை வாங்கிவிட்டு மறுபடி பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தடுப்பூசிப் பதிவு பல கல்லூரிகளில் கேட்பார்கள். தட்டம்மை உள்ளிட்ட எம்.எம்.ஆர். பரவலாக உண்டு; டெக்ஸாஸில் 22 வயதுக்குக் கீழுள்ள புதிய மாணவர்களுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசியும் கட்டாயம். காசநோய்ப் பரிசோதனை கேட்டால், தோலில் ஊசி போடும் சோதனையை விட்டு ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். குழந்தையாக இருந்தபோது நமக்குப் போட்ட பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பூசியால் தோல் சோதனை நோயில்லாமலேயே வீங்கிக் காட்டக்கூடும். ரத்தப் பரிசோதனையை பி.சி.ஜி. பாதிக்காது.

படி 5: விண்ணப்பம்

இணையத்தில் அரைமணி நேர வேலை. பல இடங்களில் கட்டணமே இல்லை. ஒரே ஒரு கேள்வியில் மட்டும் நின்று நிதானிக்க வேண்டும்: 'உங்கள் கல்வி நோக்கம் என்ன?' இன்னும் முடிவாகவில்லையே என்று 'சொந்த ஆர்வத்துக்காக' என்பதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். பட்டமோ சான்றிதழோ பெறும் நோக்கோடு சேர்ந்தவர்களுக்குத்தான் மத்திய உதவித்தொகை. 'அசோசியேட் பட்டம், பிறகு டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

படி 6: நிலைத் தேர்வு

சேர்ந்தபின் ஆங்கிலத்திலும் கணக்கிலும் உங்களை எந்த வகுப்பில் உட்காரவைப்பது என்று பார்ப்பார்கள். பல கல்லூரிகளில் அக்கியூபிளேசர் என்ற கணினித் தேர்வு. சில இடங்களில் பள்ளி மதிப்பெண்ணே போதும். கலிபோர்னியாவில் 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பள்ளி மதிப்பெண்ணை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

இதில் தோல்வி என்பது இல்லை என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் மதிப்பெண் குறைந்தால் அடிப்படை வகுப்புகளில் போடுவார்கள். அவற்றுக்குக் கட்டணம் உண்டு, பட்டத்தில் கணக்காகாது. அந்தத் தேர்வுக்கு நேர வரம்பு கிடையாது. பிளஸ் டூவில் கணக்குப் பாடம் படித்தவள் என்ற மிதப்பில் 20 நிமிடத்தில் முடித்துவிட்டு வெளியே வந்தேன். பின்னங்களை மறந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன என்பது முடிவு வந்த பிறகுதான் உறைத்தது. ஒரு வாரம் இலவச மாதிரித் தேர்வுகளைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

படி 7: வகுப்புகளைத் தேர்வது

ஏ.ஏ.வுக்கு வழக்கமாக 60 கிரெடிட் வேண்டும்; ஜி.பி.ஏ. எனப்படும் மதிப்பெண் சராசரி 2.0க்குக் குறையக் கூடாது. ஆங்கிலக் கட்டுரை எழுத்து இரண்டு வகுப்பு, கணக்கு அல்லது புள்ளியியல், ஆய்வகத்தோடு அறிவியல், சமூக அறிவியல், இலக்கியம், தத்துவம் போன்ற மானுடப் பண்பியல் பாடங்கள், பல இடங்களில் மேடைப்பேச்சு. மிச்சம் விருப்பப் பாடங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. 12 கிரெடிட் எடுத்தாலே முழுநேர மாணவர் என்பார்கள். ஆனால் நான்கு பருவத்துக்கு 48தான் வரும். இரண்டாண்டில் முடிக்க 15 எடுக்க வேண்டும், இல்லையென்றால் கோடை வகுப்பு. இந்த 15ஐயும் சாதாரணமாக எண்ணாதீர்கள்: வகுப்பில் ஒரு மணி நேரத்துக்கு வெளியே இரண்டு மணி நேரப் படிப்பு என்பது பொதுவான கணக்கு. வாரம் 45 மணி நேரம் ஆகிறது. வேலைக்கும் போகிறவர்கள் மூன்றாண்டு என்று திட்டமிட்டுக்கொண்டால் தவறேயில்லை.

முதல் பருவத்தில் ஆங்கிலத்தையும் கணக்கையும் எடுத்துவிடுங்கள். மற்ற வகுப்புகள் பலவற்றுக்கு அவை முன்தேவை. நம் ஊர்ப் படிப்போடு ஒப்பிட்டால் பெரிய மாற்றம், கடைசித் தேர்வில் ஒரே மூச்சில் எழுதித் தள்ளுவது இங்கே உதவாது. வாரா வாரம் ஒப்படைப்பு, வினாடிவினா, கட்டுரை. வேறிடத்திலிருந்து இரண்டு வரி எடுத்து எழுதினாலும் எங்கிருந்து என்று குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் அது திருட்டு.

படி 8: பதிவு, கட்டணம், விலகல்

பதிவு செய்தபின் கெடுவுக்குள் பணம் கட்டாவிட்டால் பல கல்லூரிகள் வகுப்பிலிருந்து நீக்கிவிடும். உங்கள் இடம் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்குப் போய்விடும். இதற்கு நேர்மாறானதும் நடக்கும். போகாமல் நின்றுவிட்டால் தானாக நீக்கிவிடுவார்கள் என்று நம்பி இருந்தவர்களுக்குப் பருவ இறுதியில் தோல்வியைக் குறிக்கும் 'எஃப்' வந்திருக்கிறது. விலகுவதென்றால் கெடு தேதிக்குள் நீங்களே இணையத்தில் விலக வேண்டும். முதல் கெடுவுக்குள் என்றால் பணமும் திரும்பும், பதிவேட்டில் தடமும் இருக்காது. இரண்டாவது கெடுவுக்குள் என்றால் விலகியதைக் குறிக்கும் 'டபிள்யூ' விழும், ஜி.பி.ஏ. தப்பிக்கும். எஃப்1 மாணவர்கள் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் எந்த வகுப்பிலிருந்தும் விலகக் கூடாது. 12க்குக் கீழே இறங்கினால் விசாவுக்கே ஆபத்து.

60 கிரெடிட் நிரம்பியதும் பட்டம் தானாக வீடு தேடி வரும் என்று இருந்துவிடாதீர்கள். பெரும்பாலான கல்லூரிகளில் பட்டத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் கடைசிப் பருவத்தின் தொடக்கத்திலேயே. அந்தப் படிவத்தில் சான்றிதழில் பெயர் எப்படி அச்சாக வேண்டும் என்று கேட்பார்கள். நான் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதினேன். சான்றிதழைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். கடைசியில் தன் பெயர் பெரிய எழுத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு அப்பா கேட்டார்: "இந்த ஏ.ஏ. உனக்கா, எனக்கா?"